வெட்டாமல் இறக்கிய வண்டி

என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாதவன் என்பதால் வந்த பெயர். வண்டிகளுக்கு சீட் தைப்பது தொழில். எனக்கும் பக்கத்து மெக்கானிக்குக்கும் ஒரே தகரக் கொட்டகைதான். நடுவில் ஒரு பழைய தார்ப்பாய் தொங்கும். அந்தப் பக்கம் அவனுடைய கிரீஸும் கரித்துணியும். இந்தப் பக்கம் என்னுடைய ஸ்பாஞ்சும் ரெக்ஸினும் தையல் மெஷினும். அவனுக்கு அரைமில்லி என்று பெயர் வைத்தது நான்தான். எதை அளந்தாலும், "இன்னும் அரை மில்லி இருக்கேப்பா" என்று தனக்குத்தானே முனகுவான். அவன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைச் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவனுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் எனக்குப் பாதி வேலை ஓடாது. ஸ்பாஞ்சில் தடவின பசை காயாது. மின்விசிறியை அதற்கு நேராக வைத்துவிட்டு, காய்ந்ததா காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் இரண்டு பேர் ஒரு பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கைப்பிடியைப் பிடித்திருந்தவள் ஒரு சின்னப் பெண். வயதில் சின்னவள் இல்லை, முப்பத்தைந்து இருக்கும், உருவம்தான் அப்படி. கரடுமுரடான பாதைக்கென்று செய்த உயரமான வண்டி அது. பின்னால் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் பெரியவர், நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஆனால் இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

"இத இறக்கித் தரணும்," என்றாள். "எனக்குக் கால் எட்டல."

அரைமில்லி தலையை ஆட்டி, ஏறி உட்காரச் சொன்னான். ஏறுவதற்கே அவள் அந்தக் கால்வைக்கும் கட்டையில் ஏறி நின்று காலைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் இடது காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது. வலது கால் காற்றில் நின்றது. அரைமில்லி தரையில் குப்புறப் படுத்து, குதிகாலுக்குக் கீழே இரும்பு ஸ்கேலை நிறுத்தினான்.

"ஏழு சென்டி," என்றான். பிறகு, "ஏழே கால்."

"ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக்கலாமேம்மா," என்றேன் நான். கேட்காமலே யோசனை சொல்வது என் வழக்கம்.

"ஸ்கூட்டர்லதாண்ணே ரெண்டு தடவ விழுந்தேன். அந்தச் சின்னச் சக்கரம் குழியில இறங்கினா ஏறவே மாட்டேங்குது."

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற நர்ஸ் இல்லை. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குப் புண்ணைக் கழுவி, கட்டு மாற்றி, ட்யூப் மாற்றிவிட்டு வருகிறவள். கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பதினோரு வீடுகளை அடுத்த மாதத்திலிருந்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் வெறும் கல்லும் குழியும். போக முடியாது என்று சொன்னால் எங்கேயோ தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்.

"நான் போயிட்டா மாமாவ யாரு பாத்துக்குவா?" என்றாள். அந்தப் பெரியவர் அவளுடைய மாமனார்.

அதுவரை பேசாமல் நின்ற அவர் இப்போது வண்டியின் டேங்க் மேல் கையை வைத்தார். "தம்பி, ஒரு விஷயம். எதையும் வெட்டக்கூடாது. இது என் பையன் வண்டி. அவன் என்னைவிட ரெண்டு விரல் உசரம். கடலுக்கு நடுவுல எண்ணெய்க் கிணறுல வேலை. வந்தான்னா அவனுக்குப் பழையபடி மாத்திக் குடுக்கணும். கழட்டு, மாத்து, என்ன வேணா பண்ணு. வெட்டு மட்டும் ஆகாது."

"எப்பங்கய்யா வர்றார்?" என்றேன்.

"மூணு மாசம்."

"நாலும் ஆகலாம் மாமா," என்றாள் அவள்.

"ஆமா, நாலும் ஆகலாம்," என்று அவரும் சொன்னார். சொல்லும்போது இருவருமே வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னொண்ணு," என்றார் பெரியவர். "இது முப்பது வருஷம் பஸ் ஓட்டின முதுகு. வாரத்துக்கு ஒரு நாள் முதுகுப் பயிற்சிக்கு இவ பின்னாடி உக்காந்துதான் போகணும். இறக்குறேன்னு சொல்லி வண்டியக் கட்டை மாதிரி ஆக்கிடாத. ஒரு கல்லுல ஏறினா எனக்கு உச்சந்தலை வரைக்கும் தெரியும்."

அரைமில்லி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் பேசியதுதான் நான் அவனிடம் கேட்ட மிக நீளமான பேச்சு. "ஸ்பிரிங்கத் தளர்த்தி விட்டா அஞ்சு நிமிஷத்துல இறங்கிடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா குழியில விழுந்தா அடியில போய் டம்முனு முட்டும், முதுகு போச்சு. சீட்டு ஸ்பாஞ்ச ஏழு சென்டிக்கும் வழிச்சு எடுத்தா இரும்பு மேல உக்காரணும். அதனால ஒரே எடத்துல இறக்கக்கூடாது. எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கணும். பின்னாடி ரெண்டரை, முன்னாடி அதே ரெண்டரை. மிச்சத்த இவன் சீட்டுல பாத்துக்குவான்."

"ஸ்பாஞ்சுல ரெண்டு சென்டிதான் எடுக்கணும், மிச்சம் முன்பக்கத்த ஒடுக்குறதுல வரணும்," என்று என்னைப் பார்த்தான். "அதுக்கு மேல அரை மில்லி கூட வேணாம்."

வேலை நான்கு நாள் பிடித்தது. பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற இரண்டு தகடுகள் உண்டு, எலும்பு மாதிரி இருக்கும். அதை நீளமாக்கினால் வண்டியின் பின்பக்கம் தாழும். பழைய தகடுகளைத் தொடாமல், லேத்தில் புதிதாக இரண்டு அடித்து வாங்கிவந்தான். முன்னால் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கிற கிளாம்புகளைத் தளர்த்தி, குழாயை மேலே ஏற்றிவிட்டான். குழாய் மேலே போனால் வண்டி கீழே வரும். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று ஒரு முழுக் காலை நேரம் அளந்தான். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் பேசியது அவன் காதில் விழுந்திருக்காது. விழாவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைச் சுற்றிக் கட்டி, பின் ஷாக்கின் தண்டிலும் ஒன்று கட்டினான். ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அந்த டை நகர்ந்து நின்றுவிடும். வாசலில் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டான். பெரியவரைப் பின்னால் உட்கார வைத்து, தானே ஓட்டி, பலகை மேல் ஏறி இறங்கினான். இறங்கி, வண்டியை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, படுத்து டையைப் பார்த்தான். ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கினான். மறுபடி பெரியவரை ஏற்றினான். இப்படி ஒன்பது தடவை.

"எப்படி இருக்குங்கய்யா?"

"மூணாவது கியர்ல போனா எப்படி இருக்கும்னு பாக்கணும். ஆனா பரவால்ல. என் கடைசி பஸ்ஸவிட நல்லா இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஒண்ணும் பெரிய பாராட்டு இல்ல," என்றார். அரைமில்லி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வருஷம் ஆகியிருந்தது.

என் வேலை அவளோடு. மகன் உட்கார்ந்த சீட்டைத் தொடக்கூடாது என்பதால், பழைய இரும்புக் கடையில் தேடி அதே மாடலுக்கு ஓர் அடித்தட்டு வாங்கி, அதன் மேல் புதிதாகக் கட்டினேன். உயரத்தைக் குறைப்பது மட்டும் இல்லை சீட் வேலை. முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் பக்கவாட்டில் போய்விடும். பாதி உயரம் அங்கேயே வீணாகும். முன்பக்கத்தை ஒடுக்கினால் கால் நேராக இறங்கும். அடியில் கெட்டி ஸ்பாஞ்ச், நடுவில் அதைவிடக் கொஞ்சம் இளக்கம், மேலே மெத்தென்று ஒன்று. அவள் உட்கார வேண்டும், எழ வேண்டும், நான் கத்தியால் ஒரு சீவு சீவ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். டெய்லரிடமும் சீட்டுக்காரனிடமும் ஆட்கள் மனசு விட்டுப் பேசுவார்கள். அளவு எடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

இரண்டாவது நாள், வேலை முடிந்து வந்திருந்தாள். பெரியவர் வரவில்லை. அரைமில்லி தகடு வாங்க லேத்துக்குப் போயிருந்தான். உட்கார்ந்துகொண்டே இருந்தவள் சொன்னாள்.

"அண்ணே, பின்னாடி சீட்டு மாமாவுக்கு மட்டும் பாத்துத் தைங்க. வேற யாரும் உக்கார மாட்டாங்க."

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வந்தா நீங்கதானே பின்னாடி உக்காரணும்?"

"அவர் வர மாட்டார்ணே."

சீவ எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"போன வருஷமே போன் பண்ணிச் சொல்லிட்டார். அங்க ஒருத்தியோட இருக்காராம். ஒரு குழந்தையும் பொறந்திருக்காம். 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டார்'னார். அதான் சொல்லல." அவள் குரல், எந்த வீட்டில் எந்த மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி இருந்தது. "தினம் சாயங்காலம் மாமா அந்தப் பேச்ச எடுப்பார். அவன் வந்ததும் சுவத்துக்கு வெள்ளை அடிக்கணும், அவன் வந்ததும் தண்ணி டேங்க் மாத்தணும்னு. நானும் ஆமா மாமா, ஆமா மாமான்னு சொல்லிட்டே சாப்பிடுவேன். ஒரு தடவ சாப்பாடு எறங்கல. பல்லு வலின்னு சொல்லிட்டேன்."

"எவ்வளவு நாளைக்கும்மா இப்படி?"

"தெரியலண்ணே. இந்த முதுகு வலியோட இருக்கிறவருக்கு அது ஒண்ணுதான் நம்பிக்கை. அதையும் நானே எப்படிப் புடுங்குறது? நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களத்தான் எல்லாரும் ரேடியோங்கிறாங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்மா," என்றேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் மத்தியானம் புது சீட்டையும் மாட்டி வண்டியை வெளியே எடுத்தோம். அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன, குதிகாலும் சேர்ந்து. ஒரு காலைத் தூக்கினாள், மறு காலைத் தூக்கினாள், இரண்டையும் ஊன்றினாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். பெரியவரும் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தார்; வண்டி கம்பீரமாக நின்றது.

பிறகுதான் வினை. இறங்கி சைடு ஸ்டாண்டைப் போட்டால் வண்டி சாயவே இல்லை. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு பழைய உயரத்திலேயே இருந்தது. இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி, கஞ்சி போட்ட சட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. வலது பக்கமாக ஒரு விரலால் தள்ளினால் போதும், அந்தப் பக்கம் போய்விடும்.

"ரெண்டு சென்டி வெட்டி, அடித்தகட்ட மறுபடி பத்த வைக்கணும்," என்றான் அரைமில்லி. "அரை மணி நேர வேலை."

"வெட்டுறதா?" என்றார் பெரியவர். உடனே மருமகளைப் பார்த்தார்.

"வேணாம் மாமா, வேணாம்," என்றாள் அவள் அவசரமாக. "வெட்டினா மறுபடி ஒட்டினாலும் ஒட்டுப் போட்டதுதானே. வேற ஸ்டாண்டு கெடைக்குமாண்ணே?"

"இந்த மாடல் இப்ப வர்றதில்ல. பழைய கடைங்கள்ல தேடணும். ரெண்டு மாசம் ஆகும். இல்ல, கெடைக்கவே கெடைக்காது," என்றான் அரைமில்லி. "வெட்டணும்மா. இது நிக்காது. விழும். நான் விட மாட்டேன்."

அவன் அப்படி அடம் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். உதவி கேட்கிற பார்வை. எனக்கு எல்லாம் தெரியும் என்கிற பெரிய மனுஷத்தனம் அப்போது எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"விடுப்பா," என்றேன் அரைமில்லியிடம். "அவங்க வண்டி, அவங்க வீட்டு விஷயம். எடது பக்கம் பள்ளமா இருக்கிற எடமாப் பாத்து நிறுத்தினா சாஞ்சு நிக்கும். ஸ்டாண்டு கெடைக்கிற வரைக்கும் அப்படி ஓட்டட்டும்."

அரைமில்லி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தான்.

பழைய சீட்டையும் பழைய தகடுகளையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அன்று சாயங்காலம் நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். முன்னறையில் பெரியவரின் கட்டில், முதுகுக்குப் பலகை போட்டது. உள்ளறையில் ஒரு பெரிய கட்டில். அதில் ஒரு ஓரத்தில் மட்டும் தலையணை இருந்தது. சீட்டைப் பெரியவர் வாங்கி, தூசு தட்டி, அலமாரிக்கு மேலே வைக்கப் பார்த்தார். முதுகு விடவில்லை. நான் ஏற்றி வைத்தேன்.

"சாப்ட்டுட்டுப் போங்கண்ணே," என்றாள். மறுத்தும் விடவில்லை. சோறும் பருப்பும் அவித்த முட்டையும். மூன்று பேரும் சமையற்கட்டு மேசையில் உட்கார்ந்தோம்.

"அவனுக்கு முட்டை மஞ்சக் கரு பிடிக்காது," என்றார் பெரியவர்.

"எடுத்து எனக்குத்தான் வைப்பார்," என்றாள் அவள்.

"அவன் வந்ததும் அந்தக் குளியலறைக் கதவ மாத்தணும்மா. அடியில உளுத்துப் போச்சு."

"ஆமா மாமா. அவருக்குத் தலையும் இடிக்கும், கொஞ்சம் உசரமா வச்சிடலாம்."

"நீல பெயின்ட் அடிக்கலாம்."

"நீலம் அவருக்குப் பிடிக்குமே."

நான் குனிந்து சாப்பிட்டேன். அவள் எவ்வளவு சாதாரணமாகப் பேசினாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து சோறு போட்டுக்கொண்டு, அந்தப் பெண் அவ்வளவு தனியாக இருந்தாள். எனக்கு மட்டும் என்ன, மனைவி எங்கள் மகளுடைய வீட்டோடு போய் நான்கு வருஷம் ஆகிறது. தனியாக உலை வைக்கிறவன்தான் நான். ஆனாலும் யாரையும் ஏமாற்றிக்கொண்டு சாப்பிட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் குளியலறைக் கதவே கண் முன்னால் நின்றது.

ஆறு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. காலையில் எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிப்பாள். பக்கவாட்டுப் பெட்டிகளில் பஞ்சும் துணிக்கட்டும் மருந்தும். வெள்ளிக்கிழமைகளில் பின்னால் பெரியவர், நிமிர முடிந்த அளவுக்கு நிமிர்ந்து, பஸ் ஓட்டுகிறவர் மாதிரி எதிரே வருகிற வண்டிகளையெல்லாம் முறைத்துக்கொண்டு போவார். ஒரு நாள் நிறுத்தி, "குவாரி ரோட்ல அடியில ஒரு கல்லுகூட இடிக்கலண்ணே. மாமா நேத்து பின்னாடி உக்காந்து தூங்கிட்டார்," என்றாள். அரைமில்லி கேட்காதவன் போல் நட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. ஸ்டாண்டை மட்டும் அவன் தேடிக்கொண்டே இருந்தான். எட்டுக் கடையில் சொல்லி வைத்திருந்தான். கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஹாரன் கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை. லீவாக இருக்கும் என்றேன். புதன்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, தெரு முனையில் அந்த வண்டி தெரிந்தது. பெரியவர் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பத்தடி வருவார், நிற்பார், இடுப்பில் கை வைப்பார், மறுபடி தள்ளுவார். நாங்கள் இருவரும் ஓடிப்போய்ப் பிடித்தோம். வலது பக்கப் பெட்டி நசுங்கியிருந்தது. கைப்பிடி முனையில் சேறு.

"திங்கக்கிழமை," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு வீட்டு வாசல்ல நிறுத்திட்டு வலது பக்கப் பெட்டியிலேர்ந்து பைய இழுத்திருக்கா. பையோட வண்டியும் வந்துடுச்சு. கணுக்கால்ல ரெண்டு எலும்பு. ரெண்டு மாசம் எந்திரிக்கக் கூடாதாம். உள்ள படுத்திருந்த நோயாளிதான் கத்திக் கத்தி ஆளக் கூப்பிட்டிருக்கார், பாவம்."

அரைமில்லி நசுங்கிய பெட்டியை நிமிர்த்தப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெட்டுங்க," என்றார் பெரியவர்.

"ஐயா..."

"ஸ்டாண்ட வெட்டுங்க தம்பி. அவ எந்திரிச்சு வரும்போது வண்டி சரியா நிக்கணும்."

அரைமில்லி உடனே படுத்து அளக்க ஆரம்பித்துவிட்டான். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க பையன் வந்தா என்னங்கய்யா சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பெரியவர் என் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவன் வர மாட்டான். எனக்குத் தெரியும். போன வருஷமே சொல்லிட்டான். அங்க வேற குடும்பம் ஆயிடுச்சு. பேரப்புள்ள போட்டோ கூட அனுப்பினான், ராஸ்கல். 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா, தாங்க மாட்டா'ன்னான்."

அந்தப் பயல் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரிடமும் மற்றவரைக் காட்டி வாயைக் கட்டியிருக்கிறான். இரண்டு முறை போனை எடுத்துப் பேசி, தன் பாரத்தை அழகாக இரண்டு பங்காக்கி, அந்த இரண்டு அறை வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு, அங்கே போய் நிம்மதியாகத் தூங்குகிறான். கையில் கிடைத்தால் என் தோல் தைக்கிற ஊசியால் அவன் வாயைத் தைத்திருப்பேன்.

பெரியவர் பேசிக்கொண்டே போனார். "சொல்லிட்டா அவ பொறந்த வீட்டுக்குப் போயிடுவாளோன்னு பயமும் இருந்துச்சு தம்பி. பொய் சொல்லக்கூடாது. எனக்கு வேற யாரு இருக்கா? அவ போறதுன்னா போகட்டும், அது நியாயம்தான். ஆனா என் வாயால எப்படிச் சொல்வேன்? அவ முகத்தப் பாத்துக்கிட்டு? அதான் வெட்டக்கூடாது வெட்டக்கூடாதுன்னு நின்னேன். வெட்டச் சொன்னா அவ கண்டுபிடிச்சிடுவாளேன்னு. அந்த வீம்புக்கு அவ கால ஒடச்சுட்டேன்."

"நீங்க ஒடைக்கலங்கய்யா."

"நான்தான் ஒடைச்சேன்."

கட்டிங் மெஷின் சத்தம் எழுந்தது. பொறி பறந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமில்லி வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அடித்தகட்டை வைத்துச் சாய்வு பார்த்து, பற்றவைத்தான். இரண்டு முறை அளந்தான். அரை மில்லிப் பேச்சு எதுவும் அன்று அவன் வாயிலிருந்து வரவில்லை. வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு உதவி பண்ணணும். அவ கேட்டா, எங்கயோ வேற ஸ்டாண்டு கெடைச்சுது, மாத்திட்டோம்னு சொல்லிடுங்க. பழசு பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. உங்களப் பத்தி நல்லா பேசுவா."

ஒரு முறை வாயை மூடினதற்கு ஒரு கணுக்கால் போயிருந்தது.

"சொல்ல மாட்டேங்கய்யா," என்றேன்.

"ஏன் தம்பி?"

"அவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். உங்க பையன் அவங்ககிட்டயும் போன்ல சொல்லிட்டார். போன வருஷமே. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அவங்களும் சொல்லாம இருந்தாங்க. வெட்ட வேணாம்னு சொன்னதும் அதுக்குத்தான்."

அவர் என்னையே பார்த்தார். கொட்டகையில் சூடான இரும்பின் மணம் நிறைந்திருந்தது. அரைமில்லி முகமூடியைக் கழற்றாமலே நின்றான்.

"நேத்துகூட," என்று ஆரம்பித்தார் பெரியவர். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நேத்துகூட, காலத் தலையணை மேல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. நான் கஞ்சி குடுத்தேன். 'அவர் வர்றதுக்குள்ள நல்லா நடந்துடுவேன் மாமா, கவலப்படாதீங்க'ன்னா. நானும், 'நடந்துடுவம்மா'ன்னேன். அவ அழல, நானும் அழல. கதவுக்கு நீலம் வேணாம், பச்சை அடிக்கலாமான்னு பேசினோம்."

எழுந்து தண்ணீர் மோந்து கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. பிறகு டம்ளரை மெஷின் மேல் வைத்துவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்கய்யா, வெல்டிங் ஆறட்டும். மழையும் விடட்டும். நானே வண்டிய ஓட்டிட்டு வந்து உங்கள வீட்ல விடுறேன்," என்றேன்.

"வண்டி அப்புறம் வரட்டும். நான் போறேன் தம்பி. அவ தனியா இருக்கா."

வாசல் வரை போனவர் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவ்வளவு நாளா தனியாத்தான் இருந்திருக்கா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.